மறியலில் இருப்பவனுக்கு மற்றொரு வழக்கா?

"மறியலில் இருப்பவனை மறியலுக்கு அனுப்புவதால் யாருக்கு என்ன லாபம்?" என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. சிறைச்சாலையிலே கைதியொருவன் காவலரைத் தாக்கினான் என்னும் செய்தி பத்திரிகையில் வந்து, அவன்மீது வழக்குத் தொடரப்படும் என்று அதன் கீழே ஒரு வரியும் இருந்துவிட்டால், வாசிப்பவர் மனத்தில் இவ்வினா எழுவது இயல்பே. ஏற்கனவே பூட்டிவைக்கப்பட்டவனுக்கு இன்னும் என்ன பூட்டு? தனியறையில் அடைத்துச் சலுகைகளை நிறுத்தி, அங்கேயே அவனை அடக்கிவிடலாமே! நீதவானுடைய நேரத்தையும் பொலிசாருடைய நேரத்தையும் இதற்காக ஏன் செலவிடவேண்டும்?

கேட்பதற்கு இது நியாயம்போலவே இருக்கிறது. ஆயின் "அங்கேயே அடக்கிவிடலாம்" என்ற சொல்லைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். அங்கே அடக்கப்போகிறவர் யார்? அடிபட்டவரோடு ஒரே உடை உடுத்து ஒரே வாசலில் வேலை செய்யும் தோழர். விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் யார்? அடிபட்டவரின் மேலதிகாரி. பாண்டியன் பொற்கொல்லன் ஒருவன் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டுத் தண்டித்த கதையை நாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் படிப்பிக்கிறோம். மறியற் கதவுக்கு உள்ளே அதே முறை நடந்தால் மாத்திரம் அது நீதியாகிவிடுமா?

இவ்விடயத்தை ஆராய்வதற்கு இங்கிலாந்து, வேல்சு ஆகிய நாடுகளின் சிறைகளை எடுத்துக்கொள்கிறேன். நமது சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் ஆட்சியிற் பிறந்தது. அதன் தாய்வீட்டில் என்ன நடந்தது என்பதை அறிவது நமக்கும் ஆகும். அன்றியும், சிறைக்குள்ளே காவலரைத் தாக்கியவனை யார் விசாரிப்பது என்னும் வினாவோடு அந்நாட்டார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடிய வரலாறு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

முதலிற் காவலருடைய நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்துச் சிறைக்காவலர் துப்பாக்கி ஏந்துபவரல்லர். இடுப்பிலே சாவிக்கொத்து, பெரும்பாலான ஆண்கள் சிறைகளில் ஒரு சிறு தடியும் உண்டு. அறைகள் திறக்கப்படும் வேளையில் ஒரு மாடியிலே பல பத்துக் கைதிகளுக்கு நடுவில் இரண்டொருவராய் நின்று, பேச்சினாலும் பழக்கத்தினாலுமே ஒழுங்கைக் காக்கவேண்டியவர். 2024ஆம் ஆண்டிலே அந்நாட்டுச் சிறைகளிற் பணியாளர்மீது நடந்த தாக்குதல்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கடுங் காயம் விளைத்தவை. எஞ்சியவை தள்ளுதல், குத்துதல், உமிழ்தல் முதலியன. குடும்பத்தார் வாசிக்கும் பக்கத்தில் எழுதக் கூசுகிறது. எனினும் மறைத்துவிடவும் கூடாது. பாத்திரத்திலே சேர்த்துவைத்த மலசலத்தைக் காவலர் முகத்தில் வீசுவதும் அங்கே அடிக்கடி நிகழும் தாக்குதல்களில் ஒன்று. உடம்பிற் கீறல் இராது. வைத்தியர் குறித்துக்கொள்ள அதிகம் ஒன்றுமிராது. அன்று மாலை வீடு திரும்பும் தகப்பன் தன் குழந்தையைத் தூக்கக் கை நீட்டுவானா?

"இது உன் உத்தியோகத்தோடு வந்தது, சம்பளம் வாங்குகிறாய், பொறுத்துக்கொள்" என்று சொல்வார் எந்த நாட்டிலும் உளர். ஆசுபத்திரித் தாதியைப் பார்த்தும், பஸ் வண்டிக் கொண்டக்டரைப் பார்த்தும் இதே சொல் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். சம்பளம் வேலைக்கு உரியது. அடி வாங்குவதற்கென்று எவரும் நியமனக் கடிதம் பெறுவதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தில் நீதிமன்றங்கள் கசையடி விதிக்கும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் நீக்கிற்று. ஆனால், அதே சட்டம் சிறைக்குள்ளே கசையடியை வைத்துக்கொண்டது. கலகம் செய்தல், கலகத்தைத் தூண்டல், சிறை அலுவலர்மீது கொடிய வன்முறை புரிதல் ஆகிய குற்றங்களுக்கு மாத்திரம் அது எஞ்சியது. 1952ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து அனுமதித்தது. வெளியே கொலைகாரனுக்கும் இல்லாத சவுக்கு, உள்ளே காவலரை அடித்தவனுக்கு இருந்தது! அந்த அடியை விதித்தது நீதிமன்றமன்று. சிறைக்குரிய பார்வையாளர் சபை. அதன் உறுப்பினரில் நீதவான்கள் இருந்தனர் என்பதும், உள்நாட்டு மந்திரி உறுதிப்படுத்தினாலன்றி அடி நிறைவேறாது என்பதும் உண்மையே. ஆயினும், விசாரணை மதிலுக்குள்ளே நடந்தது. பத்திரிகை நிருபர் இல்லை. எதிரிக்காகப் பேசச் சட்டத்தரணியும் இல்லை. கடைசிக் கசையடி 1962இல் விழுந்தது. 1967ஆம் ஆண்டின் சட்டம் அதனை அடியோடு ஒழித்தது. (நமது நாட்டிற் கசையடியை நீக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று என்பதையும் மாணவர் நினைவில் வைக்கலாம்.)

கசை போயிற்று; பார்வையாளர் சபை போகவில்லை. நன்னடத்தைக்காகக் கைதிக்குக் கிடைக்கும் தண்டனைக் கழிவை அச்சபை பறிக்கலாம். ஆறு மாதக் கழிவு பறிபோவதென்றால் ஆறு மாதம் கூடுதலாக மறியலில் இருப்பது என்பதே பொருள். பெயர் மாறினாலும், கதவு திறக்கும் நாள் பின்தள்ளப்படுகிறதல்லவா?

1976ஆம் ஆண்டு ஓகத்து மாத முடிவில் ஹல் நகரச் சிறையிலே பெருங் கலகமொன்று மூண்டது. கூரைகளிலே கைதிகள் ஏறினர். கட்டடத்தின் பெரும் பகுதி சேதமாயிற்று. செத்தெம்பர் 3ஆம் திகதியளவில் அடங்கிற்று. பின்னர் பார்வையாளர் சபை கூடிக் கைதிகளைத் தனித்தனியே விசாரித்துப் பலருக்கு நூற்றுக்கணக்கான நாட் கழிவைப் பறித்தது. தமக்காகச் சாட்சிகளை அழைக்க இடங்கொடுக்கவில்லை என்று கைதிகள் சிலர் மேல்நீதிமன்றத்தை நாடினர். சிறைக்குள்ளே நடக்கும் ஒழுக்க விசாரணை நீதிமன்றங் கவனிக்கவேண்டிய விடயமன்று என்பது அதுவரையிருந்த எண்ணம். 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்தது. சிறைச் சபையின் தீர்ப்பும் நீதிமன்றத்தின் பரிசீலனைக்கு உட்பட்டதே என்றது. அடுத்த ஆண்டிலே சபையின் தீர்ப்புகள் சில தள்ளுபடியாயின.

கதையின் மறுபாதியை நம்மவர் பெரும்பாலும் அறியார். கலகம் அடங்கிய பின்னர், சரணடைந்த கைதிகளைக் காவலர் சிலர் கூட்டாகத் தாக்கினர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அதுவும் பொலிசாரிடம் சென்றது. 1979இல் யோர்க் நகர நீதிமன்றத்திலே காவலர் சிலர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். எல்லாவற்றையும் மதிலுக்குள்ளேயே முடித்திருந்தால் இவ்வுண்மை வெளிவந்திராது. கைதி காவலரை அடித்தாலும், காவலர் கைதியை அடித்தாலும், இரண்டையும் அளக்கும் கோல் ஒன்றாயிருக்க வேண்டுமானால் அந்தக் கோல் வெளியார் கையில் இருத்தல் வேண்டும்.

1990 ஏப்பிரிலிலே மாஞ்செஸ்டர் நகரின் ஸ்ட்ரேஞ்வேஸ் சிறையில் இருபத்தைந்து நாள் நீடித்த கலகம் நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்த ஊல்ப் பிரபுவின் 1991ஆம் ஆண்டு அறிக்கை, பார்வையாளர் சபை கைதிகளைத் தண்டிக்கும் வேலையை விட்டுவிட வேண்டும் என்றது. பெருங் குற்றமாயின் பொலிசாருக்கும் நீதிமன்றத்துக்கும் போகட்டும். சிறு குற்றமாயின் சிறை அத்தியட்சகர் பார்க்கட்டும் என்பது அவர் கருத்து. 1992இல் அவ்வாறே செய்தனர். ஆனால், அத்தியட்சகர் கையிலே "மேலதிக நாட்கள்" கொடுக்கும் அதிகாரம் இருந்தது. ஒரு குற்றத்துக்கு 42 நாள் வரையில் விடுதலையைப் பிற்போடலாம்.

இங்கேதான் மாணவர் நன்கு கவனிக்கவேண்டிய ஒரு வழக்கு வருகிறது. கைதியொருவன் உடற்பயிற்சி முற்றத்திலே ஓடிக்கொண்டிருந்தான். ஓடும்போது காவலர் ஒருவர்மீது மோதினான். வேண்டுமென்றே மோதினான் என்றார் காவலர், இல்லையென்றான் அவன். அத்தியட்சகர் விசாரித்துத் தாக்குதற் குற்றம் எனக் கண்டு ஏழு மேலதிக நாள் விதித்தார். மற்றொருவன் நன்னடத்தை அலுவலர் ஒருவரைக் கொல்வேன் என்று பயமுறுத்தியதாகக் கூறப்பட்டு, நாற்பது நாள் பெற்றான். இருவரும் சட்டத்தரணி வேண்டுமெனக் கேட்டனர், மறுக்கப்பட்டது. எஸே, கொனர்ஸ் என்னும் இவ்விருவரும் தொடுத்த வழக்கு ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது.

பிரித்தானிய அரசாங்கத்தின் வாதம் நுட்பமானது. "நீதிபதி முதலில் விதித்த தண்டனைக்கு மேல் ஒரு நாளும் நாம் கூட்டவில்லை, அதற்குள் அடங்கிய நாட்களையே பயன்படுத்தினோம். ஆகவே இது ஒழுக்க நடவடிக்கை, குற்ற வழக்கன்று" என்றனர். நீதிமன்றம் சொல்லைப் பார்க்கவில்லை, விளைவைப் பார்த்தது. அந்த விசாரணை நடந்திராவிடின் அவன் வீடு போயிருப்பான். நடந்தமையால் உள்ளே இருந்தான். எனவே அது குற்ற விசாரணையே. சட்டத்தரணியை மறுத்தது பிழை. 2002 யூலையிலே முதற் தீர்ப்பு வந்தது. 2003 ஒக்டோபர் 9ஆம் திகதி பேராயம் அதனை உறுதிசெய்தது. முதற் தீர்ப்பு வந்த கையோடு, அத்தியட்சகரிடமிருந்து மேலதிக நாள் கொடுக்கும் அதிகாரம் எடுக்கப்பட்டது. மாவட்ட நீதிபதி சிறைக்கு வந்து அத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஏற்பாடு ஆரம்பமாயிற்று. கைதிக்குச் சட்டத்தரணியும் உண்டு. முற்றத்தில் ஓடியவன் உண்மையில் வேண்டுமென்று மோதினானா, தற்செயலாய் மோதினானா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனாலன்றோ இரு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர் வேண்டியிருந்தது!

இன்றைய நடைமுறை இதுதான். தாக்குதல் நிகழ்ந்ததும் அத்தியட்சகர் உள்விசாரணையைத் தொடங்கி வைப்பார். விடயம் பாரதூரமானதாயின் பொலிசாருக்கு அறிவித்து, உள்விசாரணையை ஒத்திவைப்பார். வழக்குத் தொடரும் திணைக்களத்தார் இரண்டு கேள்விகளை எழுப்புவர். குற்றத்தை நிரூபிக்கத்தக்க சான்று உண்டா? வழக்குத் தொடருதல் பொதுநலனுக்கு ஏற்றதா? ஆம் எனின் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்; உள்விசாரணை அத்துடன் விடப்படும். இல்லையெனின் அது மீண்டும் தொடரலாம். முன்பு சான்று கிடைப்பது அரிதாயிருந்தது. காவலர் ஒன்று சொல்வார்; கைதி மற்றொன்று சொல்வான்; பார்த்த கைதிகள் வாய் திறவார். இப்போது காவலர் மார்பிலே அணியும் சிறு கமரா பல சந்தர்ப்பங்களிற் பேசுகிறது. அது காவலருக்குச் சாதகமாக மட்டுமே பேசும் என்று எவரும் எண்ணவேண்டாம்.

தண்டனை எவ்வளவு? சாதாரணத் தாக்குதலுக்கு உச்சம் ஆறு மாதம். 2018ஆம் ஆண்டிலே பொலிசார், தீயணைப்போர், மருத்துவ ஊழியர், சிறைக்காவலர் ஆகியோரைத் தாக்குவதற்கென்று தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அமுலுக்கு வந்தது. அதன்படி பன்னிரண்டு மாதம் வரை விதிக்கலாம். 2022இல் அது இரண்டு வருடமாக உயர்த்தப்பட்டது. காயம் கடுமையாயின் அதற்குரிய பெருங் குற்றத்தின்கீழ் வழக்கு வரும். சிறைக்குள்ளே செய்த குற்றத்துக்கான தண்டனை, முன்னைய தண்டனையோடு சமகாலத்திற் கழியாது அதற்கு மேலாய் வருவதே அங்கே வழக்கம். ஏககாலத்திற் கழியுமாயின், அடித்தவன் ஒன்றும் கொடுக்கவில்லை என்றாகிவிடும். நமது தண்டனைக் கோவையிலும் அரசாங்க ஊழியரைக் கடமையிற் தாக்குவது தனிக் குற்றமென்பது 1883 முதலே உள்ளது.

இப்போது முதல் வினாவுக்கு விடை சொல்லலாம். 2020 சனவரியிலே கேம்பிரிட்ஜ் பகுதியிலுள்ள வைற்மூர் சிறையில், போலி வெடிகுண்டுப் பட்டி அணிந்த கைதிகள் இருவர், தாமே செய்த கூரிய ஆயுதங்களாற் காவலர் ஒருவரைக் கொல்ல முயன்றனர். உதவிக்கு ஓடிவந்த தாதியொருவரும் தாக்கப்பட்டார். அவ்விருவரும் ஏற்கனவே நீண்ட தண்டனை பெற்றவர்கள். "இனி என்ன செய்ய?" என்று விட்டிருந்தால், உள்விசாரணையில் ஒரு குற்றத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் 42 நாள். இலண்டன் மத்திய குற்றவியல் நீதிமன்றத்திலே யூரிமார் முன் விசாரணை நடந்து, கொலை முயற்சிக் குற்றம் நிரூபணமாயிற்று. இருவருக்கும் ஆயுட் தண்டனை; ஒருவன் 21 வருடமும் மற்றவன் 23 வருடமும் கழிக்குமுன் விடுதலையைப் பற்றிக் கேட்கவும் முடியாது. வழக்கு இல்லையாயின், குறித்த நாளிலே கதவு திறந்திருக்கும்.

ஆயுட் கைதியின் நிலை இன்னும் தெளிவானது. அவனுக்கு விடுதலை நாள் என்று ஒன்று குறிக்கப்படாமையால், "மேலதிக நாள்" என்ற தண்டனையே அவனைத் தொடாது. அவனைத் தொடக்கூடியது நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே. விடுதலையைத் தீர்மானிக்கும் பரோல் சபை அவனது கோவையை விரிக்கும்போது, மேலதிகாரியின் குறிப்பு ஒன்று. நீதிமன்றத்தில் நிரூபணமான குற்றம் வேறொன்று. காவலருக்கும் இது சிறு விடயமன்று. தமக்கு நடந்தது ஒரு குற்றம் என்றும், தாம் சட்டம் காக்கும் பிரசைகளில் ஒருவர் என்றும் பகிரங்க மன்றத்திலே கேட்கிறார். அத்தாக்குதலால் தம் உடலும் மனமும் குடும்பமும் பட்டதை எழுதிக் கொடுத்து நீதிபதி முன் வாசிப்பிக்கவும் அந்நாட்டிலே இடமுண்டு.

ஆயினும் வழக்கு ஒன்றே மருந்தென்று கொள்பவர்களோடு நான் சேரேன். 2010ஆம் ஆண்டுக்குப் பின் நாலைந்து வருடத்துள் அந்நாட்டு அரசாங்கம் சிக்கனம் என்னும் பெயரில் முன்வரிசைக் காவலரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் குறைத்தது. அதன் பின் வந்த வருடங்களிலே தாக்குதல்கள் ஏறின. பழகிய காவலர் போய், பயிற்சி குறைந்த இளைஞர் வந்தால், கைதியின் முகம் பார்த்து அவன் மனநிலையை அறிபவர் எவர்? சித்தம் பேதலித்தவன் ஒருவன் அடித்தால், அவனுக்கு வேண்டியது வைத்தியம். அவனை எதிரிக் கூண்டில் ஏற்றுவதாற் பயனில்லை. பொதுநலனைப் பற்றிய இரண்டாம் கேள்வி அத்தகையோருக்காகவே இருக்கிறது. தாமதமும் ஒரு பெருங் குறை. சிறைக்குள் வரும் மாவட்ட நீதிபதி, முறைப்பாடு தம்மிடம் வந்து 28 நாளுக்குள் விசாரணையைத் தொடங்கவேண்டும் என்பது விதி. வெளி நீதிமன்றத்திலோ பல மாதங்கள் உருண்டோடும். அதற்கிடையில், அடித்தவனும் அடிபட்டவரும் அதே மாடியில் ஒருவரையொருவர் காலை மாலை காணும்படியும் நேரலாம்.

2025 ஏப்பிரிலிலே டேரம் பகுதியிலுள்ள பிராங்க்லண்ட் சிறையில், தனிக் காவற் பிரிவிலிருந்த கைதியொருவன் கொதிக்கும் சமையல் எண்ணெயாலும் ஆயுதங்களாலும் காவலர் மூவரைத் தாக்கினான். அதன் பின்னர் அத்தகைய பிரிவுகளில் கைதிகள் தாமே சமைக்கும் வசதி நிறுத்தப்பட்டது. அங்கே பணிபுரிவோர்க்குக் குத்துத் தாங்கும் கவச அங்கியும் அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. அங்கி வேண்டியதே. ஆனால், கவசம் அணிந்து பேசுபவரோடு கைதி மனந் திறந்து பேசுவானா என்பதை அங்குள்ள அதிகாரிகளும் யோசித்திருப்பர்.

ஆசிரியனாகையால் மற்றொன்றையும் கவனித்தேன். 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலே சிறைக்காவலரும், கைதிகளை ஏற்றியிறக்குவோரும், சிறையிற் பணிபுரியும் தாதியும் அடங்குவர். அங்கே போய்க் கைதிகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பெயர் அதில் இல்லை. பொதுச் சேவை செய்வோரைத் தாக்கினால் தண்டனை கனக்கவேண்டும் என 2022ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆயினும், சிறை வகுப்பறையிலே கைதி ஆசிரியர் கன்னத்தில் அறைந்தால், அவனுக்கு விதிக்கக்கூடிய உச்சம் சாதாரணத் தாக்குதலுக்குரிய ஆறு மாதமே.